ரிவர்ஸ் கியரில் ஒரு பிணம்

"அய்யய்யோ...! ஓடியாங்க...! ஒரு ஆளு நசுங்கிக் கெடக்கறான்...!"

விடிந்தும் விடியாத நேரம். கடல் தண்ணீர் ஏறும் ஏரியில் நண்டு பிடிக்க இறங்கிய ஒரு பெண் போட்ட அலறல், கோட்டைக்குப்பம் முழுக்கக் கேட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் லோகநாயகிக்கு அது போன் வழியாக வந்து சேர்ந்தது. சட்னியில் தோய்த்த இட்லி அப்போதுதான் வாய்க்குப் பக்கத்தில் போயிருந்தது.

இட்லி தட்டுக்கே திரும்பியது.

ஸ்பாட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, சாப்பிடாமல் வந்ததே நல்லது என்று தோன்றியது!

ஏரிக்கரை மேட்டிலிருந்து சரிவில் இறங்கி நின்றிருந்தது ஒரு பழைய அம்பாசிடர் கார். வான நீல நிறம். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி பளபளப்பு. அதன் பின்பக்க பம்பருக்கும், கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் போட்டின் மூக்குக்கும் நடுவில்...

அவன்.

முப்பது வயது இருக்கலாம். நெஞ்சு நசுங்கி, தலை ஒரு பக்கமாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. காதோரம் ஒரு குட்டி நண்டு நிதானமாய் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ச்சீ...!" லோகநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏட்டய்யா... அத மொதல்ல தட்டி வுடுங்க!"

ஏட்டு ஜான்சன் குச்சியால் நண்டைத் தட்டிவிட்டார். ரிட்டயர்மென்ட்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர். இந்தக் கரையில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது.

"பாக்கெட்ல ஐ.டி. கார்டு இருக்கு மேடம். பேரு பரத். மெட்ராஸ்ல 'ராஜ்மஹால் ரெட்ரோ கியர்ஸ்'னு ஒரு கம்பெனி... பழைய காருக்கெல்லாம் புது கியர்பாக்ஸ் மாத்திக் குடுக்கறவங்க. இவரு அங்க சர்வீஸ் இன்ஜினியரு."

"செல்போன்?"

"காணோம் மேடம்."

"கார் யாருது?"

"பெருமாளுது. இந்த ஊரு ஆளுதான். மெட்ராஸ்லேருந்து கல்யாண ஜோடிங்க வந்து ஏரிக்கரையில போட்டோ புடிக்கறாங்க இல்ல... அதுக்கு இந்த வண்டிய வாடகைக்கு வுடறான். ஸ்டியரிங்ல இருந்த பழைய கியர எடுத்துட்டு, கீழ அஞ்சு கியர் போட்டுக் குடுத்தது இந்தக் கம்பெனி. அதுல ஒரே பேஜாரு. கன்ஸ்யூமர் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. நேத்து சாயங்காலம் கூட இங்கியே ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்ட. ஊரே வேடிக்க பாத்துருக்கு!"

லோகநாயகி டிரைவர் பக்கத்துக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

சாவி, வண்டியிலேயே இருந்தது.

கியர் லீவர்... ரிவர்ஸில் இருந்தது!

"மேட்டுல நின்ன வண்டிய ரிவர்ஸ் போட்டு எறக்கி, ஆள படகோட வெச்சு நசுக்கியிருக்கான். வேற இன்னா மேடம்..." என்றார் ஜான்சன்.

லோகநாயகி குனிந்து பரத்தின் தலையைப் பார்த்தாள். பின்மண்டையில் அடி. அங்கே ரத்தம் உறைந்து கிடந்தது. நசுங்கின நெஞ்சிலோ பெயருக்குக்கூட ரத்தம் இல்லை.

"மொதல்ல மண்டையில போட்டுக் கொன்னுருக்கான் ஏட்டய்யா. நசுக்கினது செத்த பொணத்த. என்னா கலீஜான புத்தி!"

ஒரு அடி பின்னால் வைத்தாள்.

சர்ர்ர்...!

வழுக்கியது. ஜான்சன் கையைப் பிடித்திருக்காவிட்டால் உட்கார்ந்தே இருப்பாள். கீழே பார்த்தாள். அழுகின இறால் தலைகளின் குவியல்! நேற்று மதியம் உரித்துக் கொட்டியது. அவளுடைய பூட்ஸ், கணுக்கால் வரை உள்ளே போயிருந்தது.

"உவ்வே...!"

"அந்த நாத்தம் லேசுல போவாது மேடம். பெட்ரோல் ஊத்திக் கழுவினாலும் நிக்கும்."

"ரொம்ப சந்தோஷம்!"

அந்தக் குவியலில் அவளுக்கு முன்பே யாரோ வழுக்கியிருந்தார்கள். நீளமாய் ஒரு சறுக்கல். ஷூ போட்ட கால். லோகநாயகி பரத்தின் ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

கூட்டத்தில் முன்வரிசையில் நின்றிருந்தான் பெருமாள். நாற்பத்தைந்து வயது. கட்டம் போட்ட லுங்கி. முகத்தில் ரத்தம் வற்றியிருந்தது.

"இன்னாயா பெருமாளு... நேத்து இவரோட சண்ட போட்டியா?"

"போட்டேம்மா. அதுக்காக கொல்லுவனா?"

பின்னால் இருந்து ஒரு குரல் முந்திரிக்கொட்டையாய் வந்தது. "எம்மா... அந்த வண்டியில நாங்க மீன்புடி போட்ட கட்டி இழுக்கவே இல்லம்மா!"

லோகநாயகி திரும்பினாள். "போட்டப் பத்தி உன்ன யாருயா கேட்டா?"

"இல்லம்மா... வண்டி தண்ணி பக்கமே வந்தது இல்ல. அதான் சொன்னேன்."

"ஆமாம்மா, வந்ததே இல்ல!" என்றாள் இன்னொருத்தி.

"வந்ததே இல்ல!" என்றது மொத்தக் கூட்டமும், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி.

கண்ணெதிரே கார் தண்ணீரிலிருந்து பத்தடியில் நின்றுகொண்டிருந்தது!

லோகநாயகிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இறால் தலையினால் இல்லை. பொய்யினால். ஒரு மனுஷன் செத்துக் கிடக்கிறான். அவனைச் சுற்றி நின்றுகொண்டு ஒரு ஊரே கூச்சமில்லாமல் உடான்ஸ் விடுகிறது. என்ன ஜென்மங்களோ!

"நேத்து சண்ட முடிஞ்சு, வெளக்கு வெச்சப்புறம் எங்க இருந்த பெருமாளு?"

பெருமாள் வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்ற ஊர்க்காரர்களைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"ஊட்லதாம்மா இருந்தேன். தூங்கினேன்."

அவன் மனைவி சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஜீப்ல ஏறு!" என்றாள் லோகநாயகி.

*

ஸ்டேஷன் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டு, ரப்பர் செருப்போடு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் போனில் வந்தார். "இன்னாம்மா லோகநாயகி, கேஸ் தெளிவா இருக்குன்னு ஏட்டு சொன்னாரு. சாயங்காலத்துக்குள்ள பொன்னேரி கோர்ட்ல ஆஜர்படுத்தி ரிமாண்ட் பண்ணிடு."

"சார், கொஞ்சம் இடிக்குது..."

"எதுவும் இடிக்கல. கார்தான் இடிச்சுது. சாயங்காலம்னா சாயங்காலம்!"

போன் வைக்கப்பட்டது.

பெஞ்சில் பெருமாள் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"யோவ்... சாயங்காலம் ஜெயிலுக்குப் போகப் போற. கொலக் கேசு. தெரியுதா?"

"நான் கொல்லலம்மா! அந்த வண்டி ரிவர்ஸே போவாதும்மா! அதானே என் கம்ப்ளைன்ட்டே! லீவர் போயி விழும், கியர் விழாது. எத்தினி தபா போன் பண்ணேன்... 'ஒண்ணை அழுத்தவும், ரெண்டை அழுத்தவும்'னு சொல்லி விரல்தான் தேஞ்சுது. ஒரு நாயும் வரல. ஆனா மெசேஜ் மட்டும் வரும். 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது'ன்னு. நான் மறுபடி போன் பண்ணுவேன். மறுபடி தீர்த்துட்டேன்னு மெசேஜ் வரும். வண்டியத் தொடாமியே தீர்த்தாங்கம்மா!"

"கோர்ட்டுக்குப் போனப்புறம்தான் ஆளு அனுப்பினாங்களா?"

"ஆமாம்மா. நேத்துதான் மொத மொதல்ல ஒரு ஆளு வந்தாரு. அவரும் செத்துட்டாரு."

"எதனால ரிவர்ஸ் கெட்டுப் போச்சு?"

பெருமாள் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தான். "தெரியாதும்மா. வண்டி தண்ணி பக்கமே..."

"வந்தது இல்ல! மூடுயா வாய!"

வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கி உள்ளே வந்தவரோடு சென்ட் வாசனையும் வந்தது. வந்தது என்று சொல்வது தப்பு. ஸ்டேஷனையே ஆக்கிரமித்துக்கொண்டது.

"ஐயாம் ஜெகதீஸ்வரன். ராஜ்மஹால் ரெட்ரோ கியர்ஸ் ஓனர். உங்க ஸ்டேஷன்லேருந்து போன் வந்ததும் பதறிப் போய் ஓடி வந்தேன் மேடம்." கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார். கண்ணில் ஈரம் இல்லை. "பரத் எனக்குத் தம்பி மாதிரி. இந்த ஊர்ப் பக்கமே நான் வந்தது கிடையாது. இப்படி ஒரு காரியத்துக்கு வர வேண்டியதாப் போச்சே!"

"உக்காருங்க. நேத்து பரத் உங்களுக்கு போன் பண்ணாரா?"

"இல்லையே மேடம். நேத்து காலையில ஆபீஸ்ல பார்த்ததுதான்." செல்போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். "கஸ்டமர் கால்ஸ் எல்லாம் ரெக்கார்ட் ஆகும். இதைக் கொஞ்சம் கேளுங்க."

பெருமாளின் குரல் ஸ்பீக்கரில் வெடித்தது.

"இன்னொரு தபா 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு பாட்டுப் போட்டீங்கன்னு வெச்சுக்க... உங்க கம்பெனி ஆளு எவன் இந்தப் பக்கம் வந்தாலும் நண்டுக்குத் தீனியாப் போட்டுருவேன்!"

ஜான்சன் 'உச்' கொட்டினார். லோகநாயகிக்குக் காதோரம் ஏறி இறங்கின அந்தக் குட்டி நண்டு ஞாபகத்துக்கு வந்தது.

"கோவத்துல சொன்னதும்மா! வெறும் வாய்ப்பேச்சும்மா!" என்று அலறினான் பெருமாள்.

"முழு ரெக்கார்டிங் இருக்கா சார்?"

"முக்கியமானதை மட்டும் எடுத்து வெச்சோம் மேடம்."

"ரிவர்ஸ் விழலன்னு சொன்னது முக்கியம் இல்லியா?"

ஜெகதீஸ்வரன் சிரித்தார். சின்னக் குழந்தைக்குப் பாடம் சொல்கிற சிரிப்பு. "மேடம், எங்க கன்வெர்ஷன் கிட்ல ரிவர்ஸ் பக்கா. ஏதோ சின்னக் கம்ப்ளைன்ட் இருந்திருக்கு. கவனிச்சுட்டோம். எங்க ஸ்கிரீன்ல பச்சைக் கலர்ல காட்டுது. 'தீர்க்கப்பட்டது'! இவர் அதே ரிவர்ஸைப் போட்டுத்தானே என் பையனை..."

கர்ச்சீப் மறுபடி வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கூச்சல்.

"வுடுய்யா! நான் உள்ள போவணும்! வுடு...!"

பாரா கான்ஸ்டபிளைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தாள் சரோஜா. அவள் பின்னால் ஊர் ஆட்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். ஒருத்தர் முகமும் சரியில்லை.

லோகநாயகி எழுந்தாள். "சார், நீங்க உள்ரூம்ல ஒரு டீ சாப்பிடுங்க. நீ வாம்மா. இன்னா சொல்லணும்?"

சரோஜா மூச்சு வாங்கினாள். "எம்மா... எம் புருஷன் நேத்து ஊட்ல தூங்கல."

"சரோஜா...!" பெருமாள் துள்ளி எழுந்தான். "வாய மூடு! ஊர் சத்தியம்டி!"

"சத்தியம் வந்து நாளைக்கு என் புள்ளைங்களுக்கு சோறு போடுமா? நீ சும்மா கெட!" லோகநாயகியிடம் திரும்பினாள். "வெளக்கு வெச்சதுலேருந்து ராத்திரி வரைக்கும் ஊர் கூட்டம்மா. கோவில்ல. ஆம்பள பொம்பள அத்தினி பேரும் அங்கதான் இருந்தோம். இவருதான் நடுவுல நின்னாரு. ஊர்க் கட்டுப்பாடு போட்டு, கற்பூரம் ஏத்தி, எல்லாரும் கையில அடிச்சு சத்தியம் பண்ணோம்..."

"இன்னான்னு?"

"அந்த வண்டியில போட்ட கட்டி இழுத்தத உசிரு போனாலும் வெளிய சொல்லக் கூடாதுன்னு!"



"ஆமாம்மா... இழுத்தோம்! மேட்டுக்கு போட்ட ஏத்தறதுக்கு ஆளு பத்தல. வண்டிய போட்டப் பாத்தாப்ல நிறுத்தி, முன் பம்பர்ல கயிறு கட்டி, ரிவர்ஸ்ல இழுத்தோம். போட்டு வர்றது டிரைவருக்குக் கண்ணெதிர்ல தெரியும் பாரு. ஒவ்வொரு போட்டா ஏத்தி ஏத்தி ஒரு நாளு 'கடக்'னு சத்தம் வந்துச்சு. அன்னியோட ரிவர்ஸ் செத்துச்சு. உப்புத் தண்ணி உள்ள போயிருக்குன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் மாத்தித் தர மாட்டான், கோர்ட்டும் கைவிரிச்சுடும்னு ஊரே வாயக் கட்டிக்கிச்சு."

லோகநாயகி பெருமாளைப் பார்த்த பார்வையில் அருவருப்பு வழிந்தது.

"யோவ்... நீ கோவில்ல இருந்ததுக்கு ஊரே சாட்சி. அத சொல்லாம, கொலப் பழிய ஏத்துக்கினு ஜெயிலுக்குப் போவியா? ஒரு கியர்பாக்ஸ் பொய்யக் காப்பாத்தறதுக்கு?"

"கற்பூரத்து மேல அடிச்சதும்மா..." பெருமாள் அழுதான். "ஊருக்காகத்தான் எல்லாரும் சொன்னாங்க. நானே ஒடைச்சா நாளைக்கு அந்தக் கரையில எப்பிடிம்மா நிப்பேன்?"

"தூக்குல தொங்கினா நிக்கவே வேணாம்! நல்ல ஊருயா... நல்ல சத்தியம்யா! கரையில ஒரு குஞ்சு குளுவான் இல்லாம எல்லாத்தையும் கோவிலுக்குக் கூட்டினு போயி, கொலகாரனுக்குத் தோதா எடத்தக் காலி பண்ணிக் குடுத்துருக்கீங்க!"

வாசலில் நின்ற ஊர் தரையைப் பார்த்தது.

சரோஜா குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணும் இருக்குதும்மா. சண்ட முடிஞ்சப்புறம் அந்தத் தம்பி வண்டிக்கு அடியில பூந்து பாத்துட்டு வெளிய வந்துச்சு. 'அக்கா, உப்பும் இருக்கு, கயிறும் இருக்கு, நீங்க பண்ணது தப்புதான். ஆனா எங்காளுங்க பண்ணது அத விட அசிங்கம்'னு காறித் துப்புச்சு. உடனே யாருக்கோ போன் போட்டுச்சு. 'சார், இது புது கியர்பாக்ஸே இல்ல. ஆக்சிடென்ட்ல நசுங்கின வேன்லேருந்து கழட்டி பெயின்ட் அடிச்சது. நாளைக்குக் கோர்ட்டுக்கு இப்பிடித்தான் எழுதிக் குடுக்கப் போறேன்'னு கத்துச்சு."

"சார்னு சொல்லிச்சா?"

"ஆமாம்மா. 'இங்கியே இருக்கேன், வாங்க, வந்து கண்ணால பாருங்க'ன்னுச்சு. அப்புறம் வண்டிச் சாவிய அது கையிலயே வுட்டுட்டு நாங்க கோவிலுக்குப் பூட்டோம்."

லோகநாயகி உள்ரூமின் கதவைப் பார்த்தாள். டீ உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

'நேத்து பரத் உங்களுக்கு போன் பண்ணாரா?'

'இல்லையே மேடம்.'

இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் அலுத்துக்கொண்டார்.

"காலையில ஊரே சேந்து ஒரு பொய். இப்ப ஊரே சேந்து ஒரு சாட்சி. எந்த ஜட்ஜும்மா நம்புவாரு? பொண்டாட்டி எதையாவது சொல்லத்தான் செய்வா. போன் விவரம் வர்றதுக்கு நாளாவும். அது வரைக்கும் இவன் உள்ள இருக்கட்டும். ரிமாண்ட் பண்ணு!"

டொக்.

லோகநாயகி போனைக் கீழே வைத்தாள். பிறகு உள்ரூமுக்குப் போய்ப் புன்னகைத்தாள்.

"சார்... கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஒதவி. ரிவர்ஸ் வேல செய்யலன்னு இவன் சாதிக்கறான். செய்யுதுன்னு நீங்க சொல்றீங்க. வேல செஞ்சுதுன்னா இவன் கதை முடிஞ்சுது. நீங்களே ஓட்டிக் காட்டிட்டா..."

ஜெகதீஸ்வரன் முகம் மலர்ந்தது. "டெமோவா? வித் ப்ளெஷர்! எங்க ப்ராடக்டை நானே ஓட்டிக் காட்டறேன் மேடம்!"

எல்லாரும் வெளியே வந்தார்கள். ஜெகதீஸ்வரனின் வெள்ளைக் கார் டிக்கி மேல் ஒரு தெருப் பூனை உட்கார்ந்து பிராண்டிக்கொண்டிருந்தது. கீழே இன்னும் இரண்டு.

"சூ...! சூ...!" ஜெகதீஸ்வரன் பதறிப் போய் விரட்டினார். "பெயின்ட் போயிடும்!"

லோகநாயகி பூனைகளைப் பார்த்தாள். ஜீப்பில் ஏறினாள்.

*

பிணத்தை எடுத்துப் போயிருந்தார்கள். ரேகை எடுக்கிறவர்கள் வந்து போய்விட்டார்கள். லீவரில் ஒரு ரேகையும் இல்லை, சுத்தமாய்த் துடைத்திருந்தது. அம்பாசிடரை முன் கியரில் மேட்டுக்கு ஏற்றி, சமதரையில் நிறுத்தியிருந்தார் ஜான்சன்.

ஊரே கூடியிருந்தது. பெருமாள் விலங்கோடு ஓரமாய் நின்றான். சரோஜா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி பின்னால் நகர்ந்தால் அவன் பொன்னேரிக்குப் போக வேண்டியதுதான்.

ஜெகதீஸ்வரன் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். மற்ற காலைத் தூக்கினார்.

அந்த ஒரு வினாடி, ஷூவின் அடிப்பாகம் லோகநாயகியின் கண்ணில் பட்டது.

கடையில் ஒட்டின விலைச் சீட்டு அப்படியே இருந்தது. புத்தம்புது ஷூ!

இன்ஜின் உறுமியது.

"பாருங்க மேடம்... கிளட்ச்... இதோ ரிவர்ஸ்... வெண்ணெய் மாதிரி விழுது பாருங்க!"

லீவர் அழகாய்ப் போய் விழுந்தது. கிளட்சை விட்டார்.

வண்டி நகரவில்லை.

"ஹி... ஹி... ஸ்மூத்தா விடணும்." மறுபடி போட்டார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இன்ஜின் ஊரையே கூட்டியது. புகை குபுகுபுவென்று வந்தது. வண்டி மட்டும் பிடித்து வைத்த பிள்ளையாராய் அசையாமல் இருந்தது.

மறுபடி. மறுபடி.

நெற்றியில் வியர்வை முத்து முத்தாய்ப் பூத்தது. சென்ட் வாசனையை மீறி வியர்வை வாடை அடித்தது.

"அப்பாடா..." என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள் சரோஜா.

ஜெகதீஸ்வரன் இறங்கினார். "அதனால என்ன மேடம்? தள்ளி விட்டிருப்பான்! மேட்டுல நின்ன வண்டிதானே! ஹேண்ட் பிரேக்கை எடுத்தா தானா இறங்கும்!"

"கரெக்ட் சார். அப்பிடித்தான் எறக்கியிருக்காங்க, இன்ஜின் சத்தம் ஊருக்குக் கேக்காம. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்." லோகநாயகி நிதானமாய்ப் பக்கத்தில் வந்தாள். "ரிவர்ஸ் விழாதுன்னு பெருமாளுக்குத் தெரியும். அவன் பொண்டாட்டிக்குத் தெரியும். இந்த ஊருல இருக்கற கொழந்தைக்குக் கூடத் தெரியும். இவங்கள்ல யாராவது கொன்னிருந்தா லீவர எதுக்கு சார் ரிவர்ஸ்ல வெச்சுட்டுப் போவணும்?"

"அது... எனக்கெப்படித் தெரியும்?"

"போலீஸ் வந்து பாத்தா, 'பெருமாளு ரிவர்ஸ் போட்டு நசுக்கிட்டான்'னு நெனைக்கணும். அதுக்காக வெச்சது. அப்பிடி வெச்ச ஆளு, ரிவர்ஸ் வேல செய்யுதுன்னு நம்பியிருக்கணும். இந்த ஒலகத்துல அத நம்பினது ஒரே ஒரு பேமானிதான்!"

"மேடம்... வார்த்தையை அளந்து பேசுங்க!"

"'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது'ன்னு ஊர ஏமாத்த ஒரு மெசேஜ் அனுப்பினீங்க. வாங்கின ஒருத்தனும் நம்பல. அனுப்பின நீங்க ஒருத்தர்தான் சார் நம்பினீங்க!"

கூட்டத்தில் யாரோ 'ஹோ'வென்று விசிலடித்தார்கள்.

"இது... இது வெறும் யூகம்! நான் இந்த ஊர்ப் பக்கமே வந்ததில்லைன்னு சொன்னேனே!"

"புது ஷூ எப்ப சார் வாங்கினீங்க?"

ஜெகதீஸ்வரன் தன்னையறியாமல் குனிந்து பார்த்தார்.

"ஏட்டய்யா... சார் வண்டி டிக்கியத் தொறங்க. அங்க சுத்தின பூனைங்களுக்கு மோப்பம் தப்பாது."

"சர்ச் வாரன்ட் இருக்கா? நான் யாரு தெரியுமா...?"

ஜான்சன் சாவியைப் பிடுங்கினார். ஜீப்புக்குப் பின்னால் ஓட்டி வந்திருந்த வெள்ளைக் காரின் டிக்கி திறந்தது.

குப்பென்று அடித்தது!

இறால் தலை வாடை. இரவெல்லாம் மூடி வைத்து ஊறின வாடை. ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த ஜனமே மூக்கைப் பொத்திக்கொண்டது. ஜான்சன் இரண்டு விரலால் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கினார். உள்ளே கறுப்பு ஷூ ஒரு ஜோடி. உயர்ந்த ரகம். கணுக்கால் வரை இறால் தலை ஒட்டியிருந்தது.

இடது ஷூவுக்குள்ளே... ஒரு செல்போன்.

பின்பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஜான்சன் படித்தார். "ராஜ்மஹால் ரெட்ரோ கியர்ஸ். சர்வீஸ் - பரத்."

"ஏரியில வீசியிருந்தா போயிருக்கும்." லோகநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். "வெல ஒசந்த ஷூ, கம்பெனி போனு... தூக்கிப் போட மனசு வரல. இல்ல? இதையும் பெயின்ட் அடிச்சுப் புதுசுன்னு வித்துருப்பீங்களா?"

ஜெகதீஸ்வரன் காரின் மேல் சாய்ந்தார். குரல் எங்கிருந்தோ வந்தது.

"கெஞ்சினேன் மேடம். சம்பளத்தை ஏத்தறேன்னேன். கேட்கலை. எல்லா கஸ்டமருக்கும் சொல்லிடுவேன்னான். என் பேரு, கம்பெனி எல்லாம் நாறிப் போயிடும்னு... ஜாக்கி ராடு கையில கிடைச்சுது..."

"இப்ப மணக்குதா?"



'தம்பி மாதிரி' என்று காலையில் ஒற்றின கர்ச்சீப் இன்னும் பாக்கெட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க லோகநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பையன் ஒருத்தன்தான் இந்த விவகாரத்தில் உண்மையைப் பேசினான். இந்தப் பக்கத்துத் தப்பையும் சொன்னான், அந்தப் பக்கத்துத் தப்பையும் சொன்னான். அவனைத்தான் எல்லாருமாகச் சேர்ந்து நண்டுக்குப் போட்டுவிட்டார்கள்.

"ச்சீ... தூ!" என்று மண்ணில் துப்பினாள். "ஏத்துங்க இவர ஜீப்ல!"

பெருமாளின் விலங்கை ஜான்சன் கழற்றினார். அவன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

"கும்புடு போடாதே. கோர்ட்டுல போயி, போட்ட கட்டி இழுத்தேன்னு உன் வாயாலயே சொல்லணும். ஊரே வந்து சொல்லணும். அந்தப் பையன் எழுதிக் குடுக்கறேன்னான் இல்ல... அத இப்ப நீங்க சொல்லுங்க. வாரன்ட்டி போனா போவட்டும்!"

"சொல்றேம்மா..." பெருமாள் ஊரைத் திரும்பிப் பார்த்தான். ஊர் மெதுவாய்த் தலையாட்டியது. சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது...

டிங்!

பெருமாளின் செல்போனில் ஒரு மெசேஜ். எடுத்துப் பார்த்தவன் பேய் அறைந்த மாதிரி நின்றான்.

"இன்னாயா?"

"கம்பெனிலேருந்தும்மா... 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'னு கேக்குதும்மா. இன்னா போடட்டும்?"

லோகநாயகி ஜீப்புக்குள் விலங்கோடு உட்கார்ந்திருந்த ஜெகதீஸ்வரனைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள்.

"அஞ்சும் போடுயா! எந்தக் கம்பெனியில ஓனரே நேர்ல வந்து உள்ள போறான்?"